பத்து வாரமாகக் குரல் கம்மியிருக்கிறது. மருத்துவ ஆய்வில் சேரலாமா?

கேள்வி: நான் பள்ளி ஆசிரியை. வயது 41. கடந்த 10 வாரங்களாகக் குரல் கம்மியே இருக்கிறது. இரண்டு முறை ஆன்டிபயாடிக் சாப்பிட்டேன். பிறகு வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார்கள். எதிலும் பலனில்லை. இப்போது ஒருவர் என் குரலைக் கைபேசிச் செயலியில் பதிவுசெய்து பார்த்துவிட்டு, குரல் நாணில் முடிச்சு இருப்பதாகச் சொல்கிறார். புதிய ஊசி மருந்துக்கான மருத்துவ ஆய்வில் இடம் வாங்கித் தருவதாகவும், அதற்குப் பதிவுக் கட்டணம் கட்ட வேண்டும் என்றும் கூறுகிறார். சேரலாமா? சேர்ந்தால் எனக்கு உண்மையான மருந்து தராமல் வெற்று மாத்திரையைக் கொடுத்துவிடுவார்களா?

பதில்: கட்டணத்தைக் கட்ட வேண்டாம். மருத்துவ ஆய்வு ஆபத்தானது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. உங்கள் கடிதத்தில் மாத்திரை, செயலி, ஊசி என எல்லாம் வருகின்றன. ஆனால் உங்கள் குரல்வளைக்குள் யாராவது பார்த்தார்களா என்பது மட்டும் எங்குமே இல்லை. குரல் கம்மல் என்பது ஓர் அறிகுறியே தவிர நோயின் பெயர் அன்று. குரல் நாண்களில் முடிச்சு, பாலிப் எனும் சிறு சதை வளர்ச்சி, நீர்க்கட்டி, புகைப்பழக்கத்தால் வரும் வீக்கம், நாணை அசைக்கும் நரம்பின் செயலிழப்பு, தொடக்கநிலைப் புற்றுநோய் ஆகிய அனைத்துமே ஏறக்குறைய ஒரே மாதிரியான கம்மலைத் தரக்கூடும். எத்தனை ஆண்டு அனுபவம் உள்ள மருத்துவரானாலும் காதால் மட்டும் கேட்டு இவற்றை உறுதியாகப் பிரித்துச் சொல்ல முடியாது.

குரல்வளைக்குள் பார்க்கும் பரிசோதனையை நினைத்துப் பலர் அஞ்சுகிறார்கள். அஞ்சும் அளவுக்கு அதில் ஒன்றுமில்லை. மூக்கில் மரத்துப்போகும் மருந்தைத் தெளித்துவிட்டு, சில மில்லிமீட்டர் தடிமனே உள்ள வளையும் குழாயை மூக்கு வழியாகச் செலுத்துவார்கள். 'ஈ' என்று நீட்டிச் சொல்லுங்கள், மூச்சை உள்ளே இழுங்கள் என்பார்கள். சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெண்களின் குரல் நாண்கள் பேசும்போது நொடிக்குச் சுமார் 200 முறை அதிர்வதால், சாதாரண வெளிச்சத்தில் அந்த அசைவு கண்ணுக்குத் தெரியாது. நாணின் அதிர்வு வேகத்திலிருந்து மிகச் சிறிதளவு விலகிய வேகத்தில் விளக்கைச் சிமிட்டவிட்டால், வேகமாகச் சுழலும் மின்விசிறி சில விளக்குகளின் கீழ் மெதுவாகத் திரும்புவதுபோலத் தோன்றுமே, அதேபோல நாண்களின் அலை நிதானமாக நகர்வதைப் பார்க்கலாம். இதற்கு ஸ்ட்ரோபோஸ்கோப்பி என்று பெயர். முடிச்சு என்றால் இரண்டு நாண்களின் விளிம்பிலும், முன்பக்க மூன்றில் ஒரு பங்கு முடியும் இடத்தில், ஒன்றுக்கொன்று நேர் எதிரே சிறு தடிப்புகள் தெரியும். தடிப்பு ஒரு பக்கம் மட்டுமே இருந்தால் பாலிப்பையோ நீர்க்கட்டியையோ சந்தேகிக்க வேண்டும், சிகிச்சையும் மாறிவிடும்.

அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர் கழகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, 4 வாரங்களில் சரியாகாத கம்மலுக்குக் குரல்வளையைப் பார்த்தாக வேண்டும். பார்க்கும் முன் ஆன்டிபயாடிக்கையோ ஸ்டீராய்டு மாத்திரையையோ வழக்கமாக எழுதக் கூடாது என்றும், அறிகுறியை மட்டும் வைத்து அமிலக் குறைப்பு மாத்திரை தரக் கூடாது என்றும் அதே ஆவணம் சொல்கிறது. உங்களுக்கு ஆன்டிபயாடிக்கும் அமில மாத்திரையும் வரிசையாக எழுதப்பட்டிருக்கின்றன, பரிசோதனை மட்டும் நடக்கவில்லை. இதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. சில நிமிடப் பரிசோதனைக்கு ஆளை அனுப்பிவைப்பதைவிட ஒரு சீட்டில் மாத்திரையை எழுதுவது எளிது என்று பழகிவிட்ட அமைப்பின் தவறு அது. அமில மாத்திரையைப் பற்றி நல்ல ஆய்வே இருக்கிறது. பிரிட்டனில் நீண்டநாள் தொண்டைத் தொந்தரவு உள்ள 346 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு லான்சோபிரசோல் என்ற அமிலக் குறைப்பு மாத்திரையும் மற்றவர்களுக்கு மருந்தில்லாத மாத்திரையும் 16 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவுதான் தேறினர். முடிவு 2021-இல் வெளியானது. மாத்திரைச் சீட்டுகள் இன்னும் குறைந்தபாடில்லை.

இனிச் செயலி. குரல் பதிவைக் கொண்டு நோயைக் கண்டறியும் முயற்சி பொய்யன்று; அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் 2022-இல் தொடங்கிய ஒரு பெரிய திட்டம், குரல் பதிவுகளை நோய் விவரத்தோடு சேர்த்துத் திரட்டிவருகிறது. ஆனால் ஆரோக்கியமான குரலிலிருந்து கெட்ட குரலைப் பிரிப்பது வேறு, கெட்ட குரல்களுக்குள் முடிச்சையும் புற்றுநோயையும் பிரிப்பது வேறு. ஒலிவாங்கி மாறினாலும், அறையின் இரைச்சல் மாறினாலும், சளி பிடித்திருந்தாலும் கணக்கு மாறும். செயலி 'முடிச்சு' என்று சொன்னதை நோய்க்கணிப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

அந்த இடைத்தரகர் சொல்லும் 'புதிய ஊசி' என்ற சொல்லைக் கேட்டதுமே நீங்கள் எச்சரிக்கையாகியிருக்க வேண்டும். குரல் நாணில் ஊசி போடுவது உண்மையான சிகிச்சைதான். ஆனால் நோய்க்கு நோய் ஊசி வேறு. செயலிழந்த நாணைப் பருமனாக்கி நடுவுக்குக் கொண்டுவர நிரப்புப் பொருள் செலுத்துவார்கள். தசை இறுகித் துண்டுதுண்டாகக் குரல் வெட்டும் நோய்க்கு, தசையைத் தளர்த்தும் போட்டுலினம் நச்சை மிகச் சிறிய அளவில் செலுத்துவார்கள். அதன் பலன் சில மாதங்களே நீடிக்கும். ஏற்கெனவே தளர்ந்த நாணில் இந்த இரண்டாவது ஊசியைப் போட்டால் இருக்கிற குரலும் போகும். நாணைப் பார்க்காமலேயே ஊசியை முடிவுசெய்தவர் யாராக இருந்தாலும், அவரோடு அதற்கு மேல் பேச ஒன்றுமில்லை.

முறையான ஆய்வில் இடம் பிடித்துத் தருவதற்கு என்று ஒரு கட்டணமே கிடையாது. பங்கேற்பாளரின் போக்குவரத்துச் செலவை ஆய்வுக் குழு திருப்பித் தருவதுதான் பரவலான வழக்கம். ஆய்வுக்குப் பொதுப் பதிவேட்டில் ஒரு பதிவெண் இருக்கும். நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இருக்கும். பொறுப்பு மருத்துவரின் பெயரும் தொடர்பு எண்ணும் ஒப்புதல் படிவத்தில் அச்சாகியிருக்கும். அந்தப் படிவத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்று படிக்க விடாமல், 'இன்றே கையெழுத்துப் போடுங்கள், இரண்டு இடம்தான் பாக்கி' என்று அவசரப்படுத்துபவர் ஆய்வாளர் அல்லர். பதிவெண்ணைக் கேளுங்கள், பெரும்பாலும் அந்தக் கேள்வியோடு பேச்சு நின்றுவிடும்.

வெற்று மாத்திரை பற்றிய உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். ஏமாற்றிக் கொடுப்பது என்பது முறையான ஆய்வில் இல்லை. இரு பிரிவு உண்டு, எதில் விழுவீர்கள் என்பது குலுக்கல் முறையில் முடிவாகும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். நிரூபிக்கப்பட்ட சிகிச்சை இருக்கும் நோய்க்கு அதை நிறுத்திவைத்து வெற்று மருந்து கொடுப்பதை, 1964-இல் தொடங்கிப் பலமுறை திருத்தப்பட்ட, மனிதர்களிடம் செய்யும் மருத்துவ ஆய்வுகளுக்கான உலக நெறிமுறை ஆவணமான ஹெல்சிங்கி பிரகடனம் எளிதில் அனுமதிப்பதில்லை. விரும்பியபோது விலகலாம்; விலகியதற்காக வழக்கமான சிகிச்சையை யாரும் மறுக்கக் கூடாது. குரல் பயிற்சி ஆய்வுகளில் பெரும்பாலும் ஒரு பிரிவினர் இப்போதே பயிற்சி பெறுவார்கள், மற்றவர்கள் சில வாரம் கழித்துப் பெறுவார்கள். அல்லது இரண்டு வகைப் பயிற்சிகளை ஒப்பிடுவார்கள்.

ஆய்வுகளின் மீது எனக்கும் மனக்குறை உண்டு. ஒரு குழு 'ஆ' என்ற ஒலியின் அதிர்வு ஒழுங்கை அளக்கிறது, இன்னொரு குழு ஒரே மூச்சில் எத்தனை நொடி ஒலிக்க முடிகிறது என்று பார்க்கிறது, மூன்றாவது குழு நோயாளி நிரப்பும் வினாத்தாளை மட்டும் எண்ணுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தாலும் எந்தச் சிகிச்சை மேல் என்று சொல்ல முடிவதில்லை. உங்களுக்குத் தெரிய வேண்டியதோ, கடைசிப் பாடவேளை வரை குரல் தாங்குமா என்பதுதான். சேர அழைக்கும் குழுவிடம் எதை அளக்கிறீர்கள் என்று கட்டாயம் கேளுங்கள்.

4 வாரம் காத்திருக்கலாம் என்ற கணக்குக்கு விலக்குகள் உண்டு. அவற்றில் உங்களைப் போன்றவர்களுக்கு முக்கியமான ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். உரக்கக் கத்தியபோதோ, பலமாக இருமியபோதோ, மேடையில் பாடும்போதோ குரல் திடீரென்று, அந்த நொடியிலேயே அறுந்ததுபோல் போய்விட்டால், அது நாணுக்குள் ரத்தக் கசிவாக இருக்கலாம். பெரும்பாலும் வலி இருக்காது என்பதால் பலர் தேநீரைக் குடித்துவிட்டு மறுநாளும் வகுப்பெடுக்கப் போகிறார்கள். அப்படிச் செய்யக் கூடாது. முழுமையாகப் பேச்சை நிறுத்திவிட்டு ஓரிரு நாளுக்குள் குரல்வளையைக் காட்ட வேண்டும். படிப்படியாக மோசமான கம்மல் இதில் சேராது. காலையில் நன்றாக இருந்து மாலையில் தேயும் குரலும் சேராது. நடு வாக்கியத்தில் போன குரல்தான் சேரும். ரத்தம் உறிஞ்சப்படும்வரை ஓய்வு கொடுத்தால் பெரும்பாலும் குரல் திரும்பும். அதே நிலையில் தொடர்ந்து கத்தினால் தழும்பாகலாம், தழும்புக்கு இன்றுவரை நல்ல சிகிச்சை இல்லை.

பரிசோதனையில் முடிச்சு என்றே வந்தால், முதல் சிகிச்சை அறுவையும் அன்று, ஊசியும் அன்று. பேச்சு சிகிச்சையாளரிடம் சில வாரக் குரல் பயிற்சிதான். அறுவையை முதல் நாளே பேசுபவரிடம் காரணம் கேளுங்கள். 'தண்ணீர் குடியுங்கள், கத்தாதீர்கள்' என்ற அறிவுரைத் தாளோடு அனுப்பிவிடுவதும் பயிற்சி ஆகாது. குரல் கெட்ட ஆசிரியர்களிடம் செய்து 2002-இல் வெளியான ஓர் ஆய்வில், இடுப்பில் கட்டும் சிறிய ஒலிபெருக்கியோடு பாடம் நடத்தியவர்கள் தெளிவாகத் தேறினர். அறிவுரை மட்டும் பெற்றவர்களிடம் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் இல்லை.

இந்த வாரமே காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். ஸ்ட்ரோபோஸ்கோப்பி வசதி உண்டா என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். பதிவான காணொளியின் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பார்த்த மருத்துவர் ஓரிடத்திலும் பயிற்சி தருபவர் வேறிடத்திலும் இருப்பதால், படம் கைக்கு வராமல் பயிற்சியைத் தொடங்குவது இன்னும் வழக்கமாக இருக்கிறது. மூச்சுத் திணறல், விழுங்குவதில் சிரமம், கழுத்தில் கட்டி, சளியில் ரத்தம் ஆகியவற்றில் ஏதேனும் இருந்தால் வாரமெல்லாம் பார்க்க வேண்டாம், உடனே போங்கள். அதுவரை வகுப்பில் ஒலிபெருக்கியைப் பயன்படுத்துங்கள். கிசுகிசுத்துப் பேசிக் குரலைக் காப்பாற்றுவதாக நினைக்காதீர்கள். பலருக்கு அது தொண்டைத் தசைகளை மேலும் இறுக்கும்.