வன்னியில் போர்க்காலத்தில் வேலைக்குப் போன பெண்ணை நாயகியாக வைத்துக் காதல் நாவல் எழுதலாமா? எந்தக் காலம், என்ன வேலை?

இரண்டாம் உலகப் போரில் வேலை செய்த பெண்களைப் பற்றிய ஆங்கிலக் காதல் நாவல்கள் உங்களுக்குப் பிடிக்கும், அதே மாதிரி இலங்கையின் வடக்கில், வன்னியில் உள்நாட்டுப் போர்க்காலத்தில் நடக்கிற கதை ஒன்று எழுத வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக எழுதலாம். நான் துணுக்காய்ப் பக்கம் வளர்ந்தவள், அம்மா பள்ளிக்கூட ரீச்சர், அதனால் கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன்.

அந்த நாவல்களின் அச்சை மட்டும் இங்கே கொண்டுவராதீர்கள். பிரிட்டனில் 1941 டிசம்பரில் சட்டம் போட்டே, 20 முதல் 30 வயது வரையான கலியாணமாகாத பெண்களைப் போர்க்கால வேலைகளுக்கு எடுத்தார்கள். வெடிமருந்துத் தொழிற்சாலை, சீருடை, லீவில் வரும் சிப்பாயோடு நடனம் எல்லாம் அந்த உலகத்துக்குச் சரி. வன்னிப் பெண்கள் பெரும்பாலும் போருக்கு முன் செய்த வேலையைத்தான் செய்தார்கள்: படிப்பித்தார்கள், பிள்ளைப்பேறு பார்த்தார்கள், களை பிடுங்கினார்கள். அந்த வேலைக்கு வேண்டிய சாமான்தான் ஒன்றும் கிடைக்கவில்லை. உங்கள் காதல் அந்த இல்லாமையில் இருந்துதான் முளைக்க வேண்டும்.

காலம் என்றால் 1996 முதல் 2001 வரை எடுப்பேன். போர் முடிந்த 2009 வேண்டாம். அதைத் தொட்டால் மற்ற எல்லாவற்றையும் அது விழுங்கிவிடும், இரண்டு பேர் ஒருவரை ஒருவர் மெல்லத் தெரிந்துகொள்ள இடமே இராது. 1995 ஒக்டோபர் கடைசியில் யாழ்ப்பாணம் இடம்பெயர்ந்து, கிளாலிக் கடல்நீரேரி கடந்து நிறையச் சனம் வன்னிக்கு வந்தது. 1996 செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் இராணுவத்திடம் போக, அங்கிருந்த சனமும் அக்கராயன், ஸ்கந்தபுரம், மல்லாவி என்று நகர்ந்தது. முன்பின் தெரியாத ஆட்கள் ஒரே ஒழுங்கையில் வந்து சேர்ந்த காலம் அது. கதை எழுதுகிறவருக்கு வேறென்ன வேண்டும்?

வேலைக்கு என் தெரிவு ஆசிரியைதான். அப்போது பல இடங்களில் ஒரே கட்டடத்தில் இரண்டு பள்ளிக்கூடம் நடந்தது. காலையில் ஊர்ப் பள்ளிக்கூடம், மத்தியானத்துக்குப் பிறகு இடம்பெயர்ந்து வந்த பள்ளிக்கூடம். காலையில் அவள் படிப்பிக்கிறாள், பின்னேரம் யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த ஒருவர் அதே வகுப்பில் நிற்கிறார் என்று வையுங்கள். அவள் அழிக்காமல் விட்ட கணக்கை அவர் செய்து முடிக்கிறார். மேசை லாச்சிக்குள் அரைத் துண்டு வெண்கட்டியை அவள் விட்டுப் போகிறாள். அடுத்த நாள் அது குறையாமல் கிடக்கிறது, பக்கத்தில் இன்னொரு துண்டு. வெண்கட்டிக்கே தட்டுப்பாடான நாளில் அது என்ன மாதிரியான செய்தி என்று வாசகருக்குப் புரியும். இருவரும் முகம் பார்ப்பதைக் கொஞ்ச அத்தியாயம் தள்ளிப்போடுங்கள்.

அவளை வீட்டிலும் காட்டுங்கள். ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சைக்கிள் வால்வுக்குள் திரி கோத்த விளக்கில் கொப்பி திருத்துவாள். மண்ணெண்ணெயைச் சொட்டுச் சொட்டாகத்தான் விடுவாள். சவர்க்காரம் இல்லாவிட்டால் பனங்காயில் உடுப்புத் தோய்க்க வேண்டும். அந்த வாசத்துக்குக் கொடியில் காயும் உடுப்பை மாடு வந்து சப்பும், அதையும் பார்த்துக்கொள்ள வேண்டும். சேலை உடுத்தாமல் ரீச்சர் பள்ளிக்கூடம் போக முடியாது, இருக்கிற நல்ல சேலையில் மாடு வாய் வைத்தால் அவளுக்கு அழுகை வரும், உங்களுக்கு ஒரு நல்ல காட்சி கிடைக்கும்.

சம்பளத்தை மறக்காதீர்கள். இயக்கத்தின், அதாவது விடுதலைப் புலிகளின், கட்டுப்பாட்டுப் பகுதி என்றாலும் அரச ஆசிரியருக்கும் தாதிக்கும் சம்பளம் கொழும்புதான் கொடுத்தது. தொண்டர் ஆசிரியைக்கு அதுவும் இல்லை, நிரந்தர நியமனம் வரும் என்ற நம்பிக்கை மட்டும். மாதச் சம்பளம் எடுக்கும் மகளை அனுப்ப மனமில்லாத தாய், தங்கச்சியின் சீதனத்துக்காகக் கலியாணத்தைத் தள்ளிப்போடும் அக்கா, இவர்களெல்லாம் செல்லடியைவிடப் பெரிய தடை. வன்னி ஆட்களை ஒரு மாதிரிப் பார்த்த யாழ்ப்பாணத்து மாமியும் வருவார். போரில் சாதி கரைந்துவிட்டது என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

ஆசிரியை வேண்டாம் என்றால் கூலி வேலைக்குப் போகும் பெண்ணை எடுங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்தில் இருந்து வந்து கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பங்களில் பலருக்கு வயல் கிடையாது. களை எடுப்பும் அருவி வெட்டும் கச்சான் பிடுங்கலும் அவர்கள் பெண்களின் கையில்தான் நடந்தன. அப்படி ஒருத்திக்கும் வயல்காரர் மகனுக்கும் காதல் என்றால் கிபிர் குண்டுவீச்சு விமானம் வராமலே கதை பதறும். ஏனோ இவர்களைப் பற்றி எழுதுகிறவர்கள் குறைவு.

இயக்கப் பெண்ணை நாயகியாக்கத்தான் வெளியில் இருந்து எழுதுகிற எல்லோருக்கும் ஆசை. அங்கே காதலுக்கும் கலியாணத்துக்கும் அமைப்பின் அனுமதி வேண்டும். அது வேறு நாவல், ஒரு துணைப் பாத்திரத்தில் அடங்காது.

அப்புறம், 2006க்குப் பிந்திய காலத்தைத் தொட்டே ஆக வேண்டும் என்றால் அவசரக் கலியாணங்களை எழுதுங்கள். இயக்கத்தின் கட்டாய ஆட்சேர்ப்புக்குப் பயந்து, பள்ளிக்கூட வயதுப் பிள்ளைகளுக்குக்கூடத் தாலி கட்டி வைத்தார்கள். கட்டினவர்களைப் பிடிக்கமாட்டார்கள் என்ற நம்பிக்கை. நாள் போகப் போக அந்த நம்பிக்கையும் போனது. இதை இனிப்பாக எழுத முடியாது. ஆனால் பயத்தில் ஒரே வீட்டுக்குள் விடப்பட்ட இரண்டு பேருக்குள் பிறகு என்ன முளைத்தது, முளைக்கவே இல்லையா என்பது கேட்கவேண்டிய கேள்வி.

தகவலுக்கு, அந்தக் காலத்து ரீச்சர்மாரையும் மருத்துவமாதுகளையும் தேடிப் பிடியுங்கள், பலர் இப்போது ஓய்வூதியத்தில் இருக்கிறார்கள். காதலைப் பற்றி நேரே கேட்டால் வாய் திறக்கமாட்டார்கள். வேலைக்கு எந்தப் பாதையால் போனீர்கள், சைக்கிள் காற்றுப் போனால் யார் ஒட்டித் தந்தது என்று கேளுங்கள். பெயர் தானாக வரும்.