ஆல்டாவில் நாய்ப்பண்ணை வேலைக்கு வருகிற தம்பிக்கு

தம்பி, வட நோர்வேயில் ஆல்டாப் பக்கம் ஸ்லெட் (பனியில் சறுக்கிப் போகிற வண்டி) இழுக்கிற நாய்களின் பண்ணை ஒன்றில் குளிர்காலம் முழுக்க வேலை கிடைத்திருக்கிறது, குளிர் தாங்குமா, சம்பளம் போதுமா, விசா எப்படி என்று கேட்டிருக்கிறீர். விசாவை நோர்வே குடிவரவுத் துறையான யூடிஐயின் தளத்தில் பாரும். சம்பளத்தை எழுத்தில் வாங்கும். "சாப்பாடும் படுக்கையும் தருகிறோம், நல்ல அனுபவம்" என்று சொல்லியே ஒரு பருவம் முழுக்க மாடாய் உழைக்க வைக்கிற இடங்களும் இங்கே உண்டு.

குளிரைப் பற்றித்தான் நான் கதைக்க வேண்டும். ஆல்டா பரவாயில்லை. கடற்கரையை விட்டு உள்ளே போனால், கரஷோக் என்ற ஊரில் 1886இல் மைனஸ் 51.4 பாகை பதிவாகியிருக்கிறது. உடம்புக்கு எத்தனை உடுப்பும் போடலாம், விரலுக்குத்தான் வழியில்லை. நீண்ட ஓட்டத்துக்கு முன் ஒவ்வொரு நாய்க்கும் நாலு காலுக்கும் துணிச் சப்பாத்து மாட்ட வேண்டும். 14 நாய் என்றால் 56 சப்பாத்து. தடித்த கையுறையோடு அந்த ஒட்டுப்பட்டியை இறுக்க முடியாது. வெறுங்கையால் உலோகக் கொக்கியைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். உள்ளே மெல்லிய கம்பளிக் கையுறை போடும், பருத்தி வேண்டவே வேண்டாம்.

அப்புறம், விழுந்தாலும் ஸ்லெட்டின் கைப்பிடியை விடாதேயும். சேணம் மாட்டும்போது ஊரே அதிரக் குரைக்கிற நாய்கள், வண்டி நகர்ந்ததும் சத்தமே இல்லாமல் ஓடும். நீர் இல்லாமலும் அப்படியே ஓடும்.

படம் எடுத்துப் போடுகிற வேலை என்று நினைத்து வராதேயும். நவம்பர் கடைசி முதல் ஜனவரி நடு வரை சூரியன் எழும்பாது. நெற்றி விளக்கோடு பீ அள்ள வேண்டும், உறைந்த இறைச்சியைக் கோடரியால் கொத்திச் சுடுதண்ணீரில் கரைக்க வேண்டும். பச்சைத் தண்ணீரை வைத்தால் சில நாய்கள் மோந்துகூடப் பார்க்காது. போட்டி நாட்களில் ஒரு நாய்க்கு 10,000 கலோரிக்கு மேல் வேண்டும்.

நான் எண்பதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இந்தக் கரையில் மீன் வெட்டின ஆள். தொழிற்சாலையில் மிஞ்சுகிற தலையும் முள்ளும் பக்கத்து வீட்டுக் கிழவரின் நாய்களுக்குப் போகும். வாளியைத் தூக்கிக்கொண்டு போகப் போகத்தான் எனக்கு நோர்வேஜிய மொழியும் வந்தது. மொழி வகுப்பில் அந்தளவு வரவில்லை. எங்கள் ஆக்கள் முக்கால்வாசிப் பேர் கெதியாக ஒஸ்லோவுக்கு இறங்கிவிட்டார்கள். நான் இருந்துவிட்டேன்.

இப்போது அவர்கள்தான் "வாயில்லாச் சீவனை வதைக்கிறார்கள்" என்று எனக்குப் பாடம் எடுக்கிறார்கள். மார்ச்சில் ஆல்டாவில் தொடங்குகிற ஃபின்மார்க்ஸ்லோப்பே என்ற நாய் ஸ்லெட் போட்டிக்கு ஒருதரம் வந்து பார்க்கட்டும். நீளமான பிரிவு ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர். தங்குமிடத்துக்கு வந்து சேர்ந்த ஓட்டுநர் வைக்கோல் விரித்து, சூப் கொடுத்து, ஒவ்வொரு பாதமாகப் பார்த்த பிறகுதான் தன் வயிற்றை நினைப்பார். மிருகவைத்தியரும் நாய்களைச் சோதிப்பார். முடியாத நாயை இறக்கினால் பதிலுக்கு வேறொன்றைச் சேர்க்க முடியாது. நாயைக் கவனிக்காதவர் எப்படி முடிவிடத்துக்குப் போவார்?

லெயோன்ஹார்ட் செப்பாலா என்ற பெயரைத் தேடிப் பாரும். இந்த வடக்கில் மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்து, 1900இல் தங்கம் தேடி அலாஸ்காவுக்குப் போனவர். எங்களைப் போலப் பிழைக்கப் போன மனிதர். 1925இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் (டிப்தீரியா) பரவியபோது 20 ஓட்டுநர்கள் கைமாற்றிக் கைமாற்றி 1,085 கிலோமீட்டர் தூரம் மருந்து கொண்டுபோனார்கள். கடல் பனிக்கு மேலால் போகிற மோசமான பகுதியும் அதிக தூரமும் செப்பாலாவுக்கும் அவருடைய முன்னணி நாய் டோகோவுக்கும்தான். அந்த வருடமே நியூயோர்க்கில் சிலை எழும்பியது, கடைசிக் கட்டம் ஓடிய பால்ட்டோ என்ற நாய்க்கு. எங்கள் ஆக்களிலும் மீன் வெட்டிக் கை விறைத்தவர்களை ஒருவருக்கும் தெரியாது, பிந்தி வந்து ஒஸ்லோ மேடையில் ஏறினவர்கள் வரலாறு சொல்கிறார்கள்.

சரி, அது வேறு கதை. வருகிற திகதியைச் சொல்லும், விமான நிலையத்துக்குக் கார் கொண்டு வருகிறேன்.