15 மாதத்தில் நர்ஸ்: சேரலாமா?

கேள்வி: எனக்கு 34 வயது. கோவையில் பி.இ. முடித்து, சென்னையில் ஐ.டி. வேலையில் இருந்தேன். கல்யாணமாகி நியூ ஜெர்சி வந்து எட்டு வருடம் ஆகிறது. கணவரின் வேலை விசாவைச் சார்ந்த ஹெச்-4 விசாதான், ஆனால் இஏடி என்ற வேலை அனுமதி வந்துவிட்டது. மகள் இரண்டாம் வகுப்பு, மகனுக்கு மூன்று வயது. வேறு பட்டம் உள்ளவர்கள் 15 மாதத்தில் நர்சிங் பட்டம் வாங்கும் படிப்பு ஒன்றில் சேர ஆசை. கட்டணம் 60,000 டாலருக்கு மேல். கணவர் "உன் இஷ்டம்" என்கிறார். மாமியார் "இன்ஜினியரிங் படிச்சவ பெட்பேன் தூக்கப் போறாளா?" என்கிறார். என்ன செய்யலாம்?
– வாசகி, எடிசன்

பதில்: உங்கள் மாமியார் கேலியாகக் கேட்டிருக்கலாம். ஆனால் கடிதத்திலேயே உருப்படியான கேள்வி அதுதான். நம் ஊர் ஆஸ்பத்திரியில் நோயாளியின் உடம்பு துடைப்பதும் கழிவு எடுப்பதும் பெரும்பாலும் கூட இருக்கும் சொந்தக்காரரோ ஆயாவோ செய்யும் வேலை. அமெரிக்காவில் உதவியாளர்கள் இருந்தாலும், அது நர்ஸின் வேலையும்தான். ஆஸ்பத்திரியிலேயே நடக்கும் கிளினிக்கல் வகுப்பின் ஆரம்ப நாட்களில் அதைத்தான் செய்வீர்கள். நகர முடியாத ஒரு முதியவரை ஒருக்களித்துப் புரட்டி, முதுகைத் துடைத்து, ஈர விரிப்பை உருவிவிட்டுப் புதியதை விரிக்க வேண்டும். அப்போதே கண் அவர் இடுப்புக்குக் கீழே போக வேண்டும். அங்கே தோல் சிவந்திருந்தால் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். அழுத்தியும் சிவப்பு வெளுக்கவில்லை என்றால் படுக்கைப்புண் தொடங்கிவிட்டது. அன்று அதை முதலில் பார்ப்பது நீங்களாக இருக்கலாம். இதைப் படிக்கும்போது உங்களுக்கு அருவருப்பு வந்ததா, ஆர்வம் வந்ததா? இஏடி இருப்பதால் நர்சிங் உதவியாளர் பயிற்சி முடித்து, ஒரு நர்சிங் ஹோமில் (அங்கே அது முதியோர் பராமரிப்பு இல்லம்) சில மாதம் வேலை பார்த்தே தெரிந்துகொள்ளலாம். அமெரிக்க மத்திய அரசு விதிப்படி அந்தப் பயிற்சி குறைந்தது 75 மணி நேரம்தான்.

சரி, அந்த வேலை பிடிக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறம்தான் வேகம். விளம்பரத்தில் இருக்கும் 15 மாதத்தில், அதற்கு முன் முடிக்க வேண்டிய பாடங்கள் சேர்த்தி இல்லை. அனாடமி-பிசியாலஜி இரண்டு செமஸ்டர், மைக்ரோபயாலஜி, வேதியியல், புள்ளியியல், பெரும்பாலும் உளவியலும் ஊட்டச்சத்தும் கேட்பார்கள். பி.இ.யில் உயிரியல் தொட்டிருக்க மாட்டீர்கள். வேதியியல் படித்திருந்தாலும், ஐந்து ஏழு வருடத்துக்கு மேல் பழசானால் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. ஆக, கணக்கை இரண்டரை வருடம் என்று போடுங்கள்.

எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. உங்கள் ஊரிலேயே மிடில்செக்ஸ் கல்லூரி இருக்கிறது. அனாடமி முதல் பகுதியை மட்டும் அங்கே எடுத்துப் பாருங்கள். பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டு எலும்பு, நரம்பு, தசை பெயர்களோடு மல்லுக்கட்ட முடிகிறதா என்பது ஒரே செமஸ்டரில் தெரிந்துவிடும். பிடிக்காவிட்டால் போவது ஒரு பாடத்தின் கட்டணம்தான், 60,000 டாலர் அல்ல.

உள்ளே போனபின் இன்ஜினியரிங் பழக்கம் உதவாது. தேர்ச்சிக்குப் பல கல்லூரிகளில் 75 சதவீதத்துக்கு மேல் வேண்டும். ஒரு பாடம் போனால் அடுத்த அணியோடு காத்திருக்க வேண்டும். கேள்விகளும் வேறு மாதிரி. நான்கு விடையுமே சரியாக இருக்கும், எதை முதலில் செய்வீர்கள் என்பார்கள். முடிவில் நர்ஸ் உரிமத்துக்காக எழுதும் என்கிளெக்ஸ் தேர்வும் அப்படித்தான், 85 முதல் 150 கேள்வி வரை போகும்.

கணவரின் "உன் இஷ்டம்" என்ற பதிலை இந்த விஷயத்தில் மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். கிளினிக்கல் நாளில் காலை ஏழு மணிக்கு முன்பே வார்டில் நிற்க வேண்டும், பல நாள் 12 மணி நேரம். பையனை டேகேரில் விடுவது யார்? அவனுக்குக் காய்ச்சல் வந்தால் ஆபீஸுக்கு லீவு போடுவது யார்? இதற்குப் பெயர் சொல்லிப் பதில் வாங்குங்கள்.

பணமும் விசாவும் சேர்ந்த சிக்கல் ஒன்று உண்டு. ஹெச்-4இல் இருப்பவருக்கு அமெரிக்க அரசின் கல்விக் கடன் கிடையாது. உங்கள் இஏடி கணவரின் விசாவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. அவர் வேலைக்கு ஏதாவது ஆனால் உங்கள் வேலை அனுமதியும் ஆடும். நீங்களே ஹெச்-1பி வேலை விசா வாங்கலாம் என்றால், சாதாரண வார்டு நர்ஸ் வேலைக்கு அது கிடைப்பது கடினம். பணம் கட்டும் முன் குடிவரவு வழக்கறிஞர் ஒருவரிடம் ஒரு மணி நேரம் பேசிவிடுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. கம்யூனிட்டி காலேஜில் இரண்டு வருட நர்சிங் அசோசியேட் படிப்பு. அதே என்கிளெக்ஸ், அதே ஆர்.என். (பதிவு பெற்ற நர்ஸ்) உரிமம், செலவு பல மடங்கு குறைவு. பெரிய ஆஸ்பத்திரிகள் பிஎஸ்என் என்ற நர்சிங் இளநிலைப் பட்டத்தைத்தான் விரும்புகின்றன, ஆனால் அதை வேலை பார்த்துக்கொண்டே ஆன்லைனில் முடித்துவிடலாம். மூன்று வயதுப் பிள்ளையும் சொந்தப் பணமும் என்றால் நான் முதலில் இதைத்தான் பார்ப்பேன்.

இல்லை, 15 மாதம்தான் என்று முடிவு செய்தால், கல்லூரிக்கு, நர்சிங் படிப்புகளைச் சரிபார்க்கும் அமைப்புகளான சிசிஎன்இ அல்லது ஏசிஇஎன் அங்கீகாரம் இருக்கிறதா என்று பாருங்கள். என்கிளெக்ஸ் தேர்ச்சி விகிதத்தை மட்டும் நம்பாதீர்கள். சுமாரானவர்களைப் பாதியிலேயே கழித்துவிட்டாலும் அந்த எண் அழகாகத்தான் இருக்கும். சேர்ந்தவர்களில் எத்தனை பேர் அதே அணியோடு முடித்தார்கள் என்று கேளுங்கள். நேராகப் பதில் சொல்லாமல், வெள்ளிக்கிழமைக்குள் முன்பணம் கட்டச் சொல்லி அவசரப்படுத்தினால் அந்தக் கல்லூரி வேண்டாம்.