அடுத்த வீட்டுத் தெள்ளுப்பூச்சி நம்மோடு வராமலிருக்க: கேள்வி பதில்

உரிமையாளர்கள் ஊரில் இல்லாத நாட்களில் அவர்களுடைய நாய், பூனைகளைப் பார்த்துக்கொள்பவர்கள் கேட்ட கேள்விகளுக்கு, இந்த வேலையில் நீண்ட அனுபவமுள்ள ஒருவர் பதில் அளிக்கிறார்.

நான் பார்த்துக்கொள்ளும் ஒரு பூனைக்குத் தெள்ளுப்பூச்சி இருக்கிறது. அங்கிருந்து நேராக வேறொரு வீட்டுக்குப் போகிறேன். என் மேல் ஏறிக்கொண்டு வருமா?

வரக்கூடும். ஆனால் பலரும் பயப்படுவதுபோல, பூனையைத் தூக்கியதும் அதன் மேலிருக்கும் பூச்சிகள் எல்லாம் உங்கள் மேல் தாவிவிடுவதில்லை. இரத்தம் குடிக்கத் தொடங்கிவிட்ட பூச்சி பூனையை விட்டு எளிதில் இறங்காது. அதன் மேலேயே தங்கி முட்டையிடும். உங்கள் காலில் தாவுவது பெரும்பாலும் கம்பளத்திலோ சோபாவிலோ புழுப் பருவத்தில் கட்டிக்கொண்ட கூட்டிலிருந்து அப்போதுதான் வெளிவந்து, பசியோடு காத்திருக்கும் பூச்சி. மனித உடலில் அது குடியிருக்காது. ஆனாலும் காலுறையிலோ கால்சட்டை மடிப்பிலோ ஒட்டிக்கொண்டு அடுத்த வீடுவரை வந்துவிடும்.

முட்டைகளையும் மறக்காதீர்கள். வழவழப்பான அந்த வெள்ளை முட்டைகள் பூனையின் முடியில் நிற்காமல், அது படுக்கும் இடமெல்லாம் உதிர்கின்றன. பூனையின் விரிப்பை மடியில் வைத்து மடித்தீர்கள் என்றால் உங்கள் உடையிலும் பையிலும் அவை விழும். ஒரு வீட்டில் உள்ள தெள்ளுப்பூச்சிகளில் நம் கண்ணில் படும் வளர்ந்த பூச்சிகள் ஏறக்குறைய 5 சதவீதம்தான். மற்றவை முட்டையாகவும் புழுவாகவும் கூட்டுப்புழுவாகவும் தரையிலும் படுக்கையிலும் கிடக்கின்றன. எனவே பிராணியைத் தொடுவதில் காட்டும் கவனத்தைவிட, அந்த வீட்டில் எங்கே உட்காருகிறோம், பையை எங்கே வைக்கிறோம் என்பதில் அதிகக் கவனம் வேண்டும்.

அப்படியென்றால் நடைமுறையில் என்ன செய்வது அக்கா? ஒரே நாளில் நான்கு வீடுகளுக்குப் போகிறேன்.

பூச்சி இருக்கும் வீட்டைக் கடைசியாக வைத்துக்கொள்ளுங்கள் தம்பி. பாதிக் கவலை அதிலேயே தீர்ந்துவிடும். அங்கே வெளிர் நிறக் காலுறை அணிந்து, கால்சட்டையின் நுனியை அதற்குள் செருகிவிட்டால், ஏறும் பூச்சி கருப்புப் புள்ளியாகத் தெரியும். பையைக் கொண்டுபோக வேண்டாம். கொண்டுபோனால் தரையிலோ சோபாவிலோ வைக்காமல் உயரத்தில் மாட்டுங்கள். சீப்பு, துண்டு, விளையாட்டுப் பொருள் எதையும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்கு எடுத்துச் செல்லக் கூடாது. அந்தந்த வீட்டுப் பொருள் அந்தந்த வீட்டில்தான் இருக்க வேண்டும்.

உங்கள் வீட்டுக்குத் திரும்பியதும் வாசலிலேயே உடையை மாற்றி, பழைய உடையை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு இறுகக் கட்டுங்கள். துணி தாங்குமானால் 60 டிகிரி வெந்நீரில் துவையுங்கள்.

ஒரு வீட்டில் தெள்ளுப்பூச்சி இருக்கிறதா என்று முதல் நாளே கண்டுபிடிக்க முடியுமா?

முடியும். நெருக்கமான பற்களுள்ள பேன் சீப்பு ஒன்றும் வெள்ளைக் காகிதமும் போதும். பிராணியைக் காகிதத்தின் மேல் நிறுத்தி, வாலின் அடிப்பகுதியிலும் கழுத்தைச் சுற்றியும் தோலை ஒட்டிச் சீவுங்கள். மிளகுத்தூள் போன்ற கரிய துகள்கள் உதிர்ந்தால், அவற்றின் மேல் இரண்டு சொட்டுத் தண்ணீர் விட்டுச் சற்றுப் பொறுங்கள். வெறும் மண் என்றால் மண்ணாகவே கரையும். துகளைச் சுற்றிச் செம்பழுப்புக் கறை பரவினால் அது தெள்ளுப்பூச்சியின் எச்சம். செரித்த இரத்தம்தான் அந்த நிறத்தைத் தருகிறது.

பூச்சி கண்ணில் படவில்லை என்பதை மட்டும் நம்பாதீர்கள். பூனைகள் தம்மை நக்கும்போது பூச்சிகளை விழுங்கிவிடுகின்றன. அப்படி விழுங்குவதால்தான் நாடாப்புழுவும் வருகிறது. ஆசனவாய் ஓரத்தில் அரிசிமணி போன்ற துண்டுகள் தெரிந்தால் உரிமையாளரிடம் சொல்லுங்கள்.

நாய்களை என் வீட்டில் தங்க வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். "மருந்து போட்டாயிற்று" என்று உரிமையாளர் சொன்னால் போதுமா?

போதாது. எந்த மருந்து, எந்தத் தேதியில், எத்தனை நாள் வேலை செய்யும் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். நாயை வீட்டுக்குள் விடுவதற்கு முன் வெளியிலேயே சீவிப் பாருங்கள். சீப்பில் அகப்படும் பூச்சியைச் சோப்புத் தண்ணீரில் போடுங்கள். நாயின் படுக்கையை வெந்நீரில் துவைத்த பிறகே உள்ளே கொண்டுவாருங்கள்.

உங்களுக்குச் சொந்தமாக நாயோ பூனையோ இருந்தால், கால்நடை மருத்துவர் சொல்லும் தடுப்பு மருந்தை ஆண்டு முழுவதும் தவறாமல் கொடுங்கள். நான் அதிகம் நம்புவது இதைத்தான். உடையில் ஒன்றிரண்டு பூச்சி தப்பி வந்தாலும், மருந்துள்ள பிராணியின் மேல் ஏறினால் முட்டையிட்டுப் பெருகுவதற்குள் செத்துப்போகும்.

நாய்க்கான சொட்டு மருந்து கையில் இருக்கிறது. பூனைக்குக் கொஞ்சமாக விடலாமா?

வேண்டவே வேண்டாம். நாய்களுக்கான சில மருந்துகளில் உள்ள பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி பூனைக்கு நஞ்சு. உடல் நடுங்கி, வலிப்பு வந்து, பூனை இறந்துபோகவும் கூடும். பூண்டும் டீ ட்ரீ எண்ணெயும் இப்படித்தான்: இயற்கை என்ற பெயரில் நாய்க்கோ பூனைக்கோ கொடுத்து ஆபத்தை வரவழைக்காதீர்கள்.

இரண்டு வாரம் பூட்டியிருந்த வீட்டைத் திறந்ததும் கால் முழுவதும் கடி. நான்தான் பூச்சியைக் கொண்டுவந்தேன் என்கிறார்கள்.

திறந்த அன்றே அத்தனை பூச்சிகள் என்றால், அவை முன்பே அங்கே கூட்டுக்குள் இருந்தவை. கூட்டுக்குள் இருக்கும் பூச்சி வெளிவராமல் மாதக்கணக்கில் காத்திருக்கும். காலடி அதிர்வும் உடல் சூடும் நாம் விடும் மூச்சும் அதை எழுப்புகின்றன. ஆளில்லாத வீட்டில் எழுப்ப எதுவுமில்லை. கதவு திறந்ததும் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. இதை உரிமையாளரிடம் பொறுமையாக விளக்குங்கள். வீட்டில் பூச்சி இருப்பதை அழுக்கின் அடையாளமாகப் பேசாதீர்கள். சுத்தமான வீட்டிலும் வரும்.

அவர்கள் அனுமதியின்றி மருந்து தெளிக்கவும் வேண்டாம். தெளிப்பு மருந்து கூட்டுக்குள் போய்ச் சேராது என்பதால், நாள்தோறும் வாக்குவம் கிளீனர் போட்டு, சேர்ந்த குப்பையை உடனே பையில் கட்டி வெளியே எறிவதுதான் முதல் வேலை.

என் வீட்டுக்கே வந்துவிட்டது. வேலையை நிறுத்த வேண்டுமா?

உங்கள் வீட்டில் பிறர் பிராணிகளைத் தங்க வைப்பதை நிறுத்துங்கள். வீட்டிலுள்ள எல்லாப் பிராணிகளுக்கும் ஒரே நாளில் மருந்து தொடங்குங்கள். ஒன்றை விட்டாலும் பயனில்லை. பூச்சி கண்ணில் படுவது நின்ற பிறகும் மூன்று மாதமாவது மருந்தையும் சுத்தம் செய்வதையும் தொடருங்கள். பிறர் வீடுகளுக்குப் போவதாக இருந்தால் முன்கூட்டியே விஷயத்தைச் சொல்லி, வரலாமா என்று அவர்களையே கேளுங்கள். போகும்போது துவைத்து மூடிய பையில் வைத்திருந்த உடையை, கிளம்பும் நேரத்தில் எடுத்து அணியுங்கள்.