டெட்ரிஸ் மெட்டும் ரவானும்: ரீமிக்ஸுக்குக் கருத்து கேட்பதும் சொல்வதும்

கேள்வி: மொரீஷியஸில் ரோஸ் ஹில்லில் படித்துக்கொண்டிருக்கிறேன். டெட்ரிஸ் விளையாட்டின் மெட்டை எங்கள் நாட்டுச் சேகா இசையின் தாளத்தில், ரவான் என்ற தோல் பறையும் நாதஸ்வரமும் வைத்து ரீமிக்ஸ் செய்தேன். நண்பர்கள் எல்லோரும் கிரியோலில் 'மாரி போன்' (ரொம்ப நன்று) என்றார்கள். முன்பின் தெரியாத ஒருவர் மட்டும் நீளமாகக் குறை எழுதினார்: மெட்டு அடையாளமே தெரியவில்லை, தாளம் தடுமாறுகிறது, அடியில் ஒரே மந்தம், நாதஸ்வரத்தை எடுத்துவிடு. படித்ததிலிருந்து அந்த ஃபைலைத் திறக்கவே மனசு வரவில்லை. அவர் சொன்னதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? இதற்கிடையில் என் மாமா மகன் தன் ரீமிக்ஸை அனுப்பி என்னிடம் அபிப்பிராயம் கேட்கிறான். உள்ளதைச் சொன்னால் அவனும் இப்படி நொந்துபோவானே?

பதில்: தம்பி, முதலில் அந்த முன்பின் தெரியாதவருக்கு ஒரு நன்றி எழுதிவிடுங்கள். யாரென்றே தெரியாத ஒருவரின் பாட்டை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, உட்கார்ந்து எழுத மெனக்கெட்டிருக்கிறார். பொழுதுபோக்காக ரீமிக்ஸ் செய்பவர்களுக்கு இது சுலபத்தில் கிடைப்பதில்லை.

ஆனால் அவர் எழுதியதற்கெல்லாம் ஒரே எடை கிடையாது. 'மெட்டு தெரியவில்லை', 'அடியில் மந்தம்' என்பவை அவர் காதுக்கு நடந்ததைச் சொல்கின்றன. 'நாதஸ்வரத்தை எடுத்துவிடு' என்பது அவர் எழுதிக்கொடுத்த மருந்து. முதல் வகையோடு வாதாட முடியாது. அவருக்கு மெட்டு தெரியவில்லை என்றால் தெரியவில்லைதான். மருந்தை நீங்கள் அப்படியே விழுங்க வேண்டியதில்லை, ஏனென்றால் இந்தப் பாட்டில் நீங்கள் எதைத் தேடிப் போனீர்கள் என்பது அவருக்குத் தெரியாது. என் அனுபவத்தில், கேட்பவர்கள் வலிக்கிற இடத்தைப் பெரும்பாலும் சரியாகத் தொட்டுக் காட்டுகிறார்கள். காரணத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். அந்த இடத்திலிருந்து காரணத்துக்குப் போவது ரீமிக்ஸ் செய்தவர் வேலை.

நீங்கள் அனுப்பிய பதிவைக் கேட்டேன். மெட்டு தொலைவது உண்மை. அதையே எடுத்துக்கொள்வோம்.

1989-இல் கேம் பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியில் வந்த டெட்ரிஸ் மூலம் உலகம் முழுக்கப் பரவிய இந்த மெட்டு 'கொரோபெய்னிகி' என்ற பழைய ரஷ்யப் பாட்டு. அதன் வரிகள் ரஷ்யக் கவிஞர் நெக்ராசோவ் 1861-இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. மைனர் ஸ்கேலில் அமைந்தது. ஆதார சுருதியை 'ஸ' என்று வைத்துப் பாடிப் பாருங்கள்: 'ப, ரி க, ம, க ரி, ஸ'. இந்த மெட்டுக்கு முகமே அந்த முதல் தாவல்தான். 'ப'விலிருந்து சட்டென்று 'ரி'யில் விழுந்து, அங்கிருந்து படிப்படியாக ஏறுகிறது. உங்கள் நாதஸ்வரம் அந்தத் தாவலை ஜாருவாக வழுக்கிக்கொண்டு கடக்கிறது. தனியாகக் கேட்டால் அழகுதான். ஆனால் சின்ன வயதில் அந்தக் கட்டைகளை அடுக்கியவர் காது அந்தத் தாவலுக்காகத்தான் காத்திருக்கும். அது வராவிட்டால் பாட்டு வேறு எதுவோ ஆகிவிடும்.

இரண்டாவது காரணம் நடை. மூலம் சதுஸ்ர நடையில், அதாவது அடி இரண்டு நாலாகப் பிரியும் நடையில், போகிறது: ஒரு முழு அடி, பிறகு அதே நீளத்துக்குள் இரண்டு சமமான அரை அடிகள், மறுபடி ஒரு முழு அடி. சேகாவோ 6/8, நம் கணக்கில் திஸ்ரம், அடி மூன்றாகப் பிரியும். மெட்டைத் தூக்கித் திஸ்ரத்தில் வைத்ததும் அந்த இரண்டு அரை அடிகளும் சமமாக நிற்க முடியாமல், ஒன்று நீண்டு ஒன்று குறுகி, இரண்டும் ஒன்றுமாகப் பிரிகின்றன. தாவலும் போய், நடையும் மாறியபின் மெட்டை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இரண்டில் ஒன்றையாவது தொடக்கத்தில் காப்பாற்றுங்கள். முதல் எட்டு பாரில் நாதஸ்வரம் கமகம் (சுர அசைவு) இல்லாமல், தாவலோடு, சதுஸ்ரத்திலேயே வாசிக்கட்டும். அடியில் மரவான் என்ற குலுக்கு வாத்தியம் மட்டும் மெல்லத் திஸ்ரத்தில் ஓடட்டும். இரண்டுக்கு மூன்று உரசுவது காதுக்குச் சுகமாகத்தான் இருக்கும். ஒன்பதாவது பாரில் ரவானை உள்ளே விடுங்கள். அதற்குள் கேட்பவருக்கு மெட்டு கையில் கிடைத்திருக்கும். பிறகு நீங்கள் எத்தனை ஜாரு போட்டாலும் கூடவே வருவார்.

இன்னொரு நுணுக்கம், இதை உங்களுக்கு யாரும் எழுதவில்லை. பாட்டு முழுவதையும் நீங்கள் கீரவாணி ராகமாக எண்ணி வாசிக்க வைத்திருக்கிறீர்கள் என்று தோன்றுகிறது. மூலத்தில் இரண்டு நிஷாதமும் ('நி') உண்டு: சற்றுத் தாழ்ந்த கைசிகி, சற்று உயர்ந்த காகலி. கீரவாணியில் காகலி மட்டுமே. முதல் பகுதியில் மேல் ஸட்ஜத்திலிருந்து இறங்கும்போது கைசிகி நிஷாதம். நிதானமான இரண்டாம் பகுதியில், ஸட்ஜத்துக்குக் கீழே போய்த் தொடும்போது காகலி. இரண்டையும் காகலியாக்கியதால் முதல் பகுதியின் இறக்கம் மூலத்தைவிட்டு விலகிவிட்டது. மொகாவில் மகாத்மா காந்தி நிலையம் போன்ற இடங்களில் கர்நாடக சங்கீதம் படித்துவிட்டு ரீமிக்ஸ் பக்கம் வரும் பிள்ளைகளுக்கு இந்தச் சறுக்கல் இயல்பாகவே நேரும். ஒரு ராகத்துக்குள் அடக்க வேண்டும் என்ற பழக்கம் கையோடு வந்துவிடுகிறது. அந்தப் பழக்கம் உங்கள் பலம். மூலத்தின் சுரங்களை முதலில் எழுதி வைத்துக்கொண்டு பிறகு அதைப் பயன்படுத்துங்கள்.

ஆக, நாதஸ்வரத்தை எடுக்க வேண்டியதில்லை. எடுக்கவும் கூடாது என்பேன்.

'தாளம் தடுமாறுகிறது' என்பதைக் கொஞ்சம் கவனமாகக் கையாளுங்கள். மொரீஷியஸ் சேகாவை 2014-இல் யுனெஸ்கோ தன் பட்டியலில் சேர்த்திருந்தாலும், ரவானின் அழுத்தம் எங்கே விழும் என்று பழகாத காதுகள் வெளியே ஏராளம். அப்படிப்பட்டவருக்கு நம் தாளமே பிழையாகக் கேட்கலாம். அவருக்காகத் தாளத்தைக் கட்டம் போட்டு நேராக்கிவிட்டால் உங்கள் ரீமிக்ஸில் இருந்த உயிரே போய்விடும். அதே சமயம், எல்லாக் குறைக்கும் 'உங்களுக்குச் சேகா தெரியாது' என்று பதில் வைத்துக்கொள்வதும் ஆபத்து. சோதிக்க வழி இருக்கிறது: பழக்கமான ரவான் வாசிப்பவர் ஒருவரிடம் போட்டுக் காட்டுங்கள். அவர் கால் தானாகத் தாளம் போட்டால் கவலை இல்லை. அவரும் புருவம் சுருக்கினால் பிழை உங்கள் பதிவில் இருக்கிறது. பெரும்பாலும் அது லேட்டன்சி: ஹெட்ஃபோனில் கேட்டபடி வாசித்துப் பதியும்போது கணினி உண்டாக்கும் சின்னத் தாமதம். அந்த ட்ராக் முழுவதையும் சற்று முன்னே இழுத்தால் சரியாகிவிடும். ரவானின் ஆட்டுத்தோலைத் தீயில் காட்டி இறுக்கித்தானே வாசிக்கிறோம். நேரம் ஆக ஆகச் சூடு தணிந்து சுருதி இறங்கும். முதல் டேக்கையும் கடைசி டேக்கையும் ஒட்டியிருந்தால் அந்த இடத்திலும் ஏதோ சரியில்லை என்று காதுக்குப் படும்.

மந்தத்துக்குக் காரணம் எளிது. ரவானின் அடிச்சத்தமும் பேஸும் கிக் டிரம்மும் ஏறக்குறைய ஒரே அதிர்வெண்ணில் முட்டுகின்றன. பேஸை நிறுத்திக் கேளுங்கள், பிறகு கிக்கை. எதை நிறுத்தும்போது மூடுபனி விலகுகிறதோ அதற்கு 200 முதல் 400 ஹெர்ட்ஸ் வரையில் ஈக்வலைசரில் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். ரவான் இருக்கும்போது கிக் தேவையா என்றும் யோசியுங்கள். ஒரு எச்சரிக்கை: பழைய பதிப்பையும் புதிய பதிப்பையும் ஒப்பிடும் முன் இரண்டின் ஒலி அளவையும் சமமாக்குங்கள். சத்தம் கூடியது எப்போதும் மேலானதாகவே காதுக்குப் படும். அதை நம்பி, உச்சச் சத்தத்தை அடக்கி மொத்த ஒலியைக் கூட்டும் லிமிட்டரை அழுத்திக்கொண்டே போனால் பாட்டு நசுங்கும். யூடியூப் எப்படியும் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குப் படும் சத்தத்தின் அளவு) அளவுக்குக் குறைத்துவிடும், அத்தனை பாடும் வீண்.

நண்பர்களின் 'மாரி போன்' பொய்யில்லை. நீங்கள் ஒன்று செய்து முடித்ததில் அவர்களுக்கு உண்மையாகவே சந்தோஷம். ஆனால் 'எப்படி இருக்கு?' என்று கேட்டால் அந்த ஒரு பதில்தான் வரும். 'எந்த இடத்தில் இது டெட்ரிஸ் என்று தெரிந்தது?', 'எந்த இடத்தில் கவனம் ஃபோனுக்குப் போனது?' என்று கேளுங்கள். இசை தெரியாதவர்கூட இவற்றுக்குத் துல்லியமாகப் பதில் சொல்வார். வேலை எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்பதையும் சொல்லி அனுப்புங்கள்: 'மிக்ஸிங் இன்னும் செய்யவில்லை, அரேஞ்ச்மென்ட் மட்டும் பாருங்கள்.' (அரேஞ்ச்மென்ட் என்பது எந்த வாத்தியம் எப்போது என்ன வாசிக்கும் என்ற அமைப்பு; மிக்ஸிங் என்பது ஒலிகளைச் சமன்செய்து சேர்ப்பது.) மூலப் பாட்டையும் கூடவே அனுப்ப மறக்காதீர்கள். விளையாட்டைத் தெரிந்த ஒருவர், தெரியாத ஒருவர், மிக்ஸிங் கை வந்த ஒருவர் என்று மூன்று பேர் போதும். தனித்தனியாகக் கேட்ட இரண்டு பேர் ஒரே நொடியைச் சுட்டினால் அங்கே நிச்சயம் வேலை இருக்கிறது. ஒருவர் மட்டும் சொன்னதைக் குறித்து வைத்துக் காத்திருக்கலாம்.

பதில் எழுதும்போது விளக்கம் கொடுக்காதீர்கள். 'நான் வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தேன்' என்று தொடங்கினால் எதிரில் இருப்பவர் அடுத்த முறை வாயைத் திறக்க மாட்டார். கேள்வியாகத் திருப்புங்கள்: 'மெட்டு தொடக்கத்திலிருந்தே தெரியவில்லையா, ரவான் வந்த பிறகா?' இந்த ஒரு வரி, எந்த மன்னிப்பையும் விளக்கத்தையும்விட உங்களுக்கு அதிகம் பெற்றுத் தரும்.

இனி மாமா மகன். அவன் ரீமிக்ஸைக் கேட்கும் முன் மூலப் பாட்டைக் கேளுங்கள். அது இல்லாமல் அவன் என்ன மாற்றினான், எதைக் காப்பாற்றினான் என்று சொல்லவே முடியாது. பிறகு அவனுடையதை ஒரு முறை எதுவும் எழுதாமல் முழுதாகக் கேளுங்கள். இரண்டாம் முறைதான் பேனா.

சொல்லும் வரிசை முக்கியம். அரேஞ்ச்மென்ட், அதன்பின் வாசிப்பு, கடைசியில் மிக்ஸிங். நாளைக்கு அவன் வெட்டி எறியப்போகும் பகுதிக்கு ரிவர்ப் அளவு சொல்லி என்ன பயன்? மூன்று விஷயத்துக்கு மேல் ஒரே தடவையில் சொல்லாதீர்கள். ஒவ்வொன்றுக்கும் நேரம் குறியுங்கள். 'டிரம்ஸ் சரியில்லை' என்றால் அவன் என்ன செய்வான்? '0:48-இல் டிரம்ஸ் வந்ததும் மெட்டு பின்னால் போய்விட்டது. ஸ்நேர் சத்தம் கூடுதலோ என்று நினைக்கிறேன்' என்றால் அன்றைக்கே உட்கார்ந்து பார்ப்பான். அதில் முதல் பாதி நீங்கள் கேட்டது, மறுபாதி உங்கள் ஊகம். ஊகத்தை ஊகமாகவே சொல்லுங்கள். உங்களுக்கு டப்ஸ்டெப் பிடிக்காதென்றால் அதையும் முன்னாலேயே சொல்லிவிடுங்கள், ரசனையைக் குறை என்று அவன் எடுத்துக்கொள்ளாமல் இருப்பான்.

பாராட்டுக்கும் இதே துல்லியம் வேண்டும். '1:20-இல் எல்லாம் நின்று பியானோ மட்டும் வருகிறதே, அதைத் தொடாதே' என்று நீங்கள் சொல்லாவிட்டால், அடுத்த பதிப்பில் அந்த இடத்தையே அவன் மாற்றிவிடக்கூடும்.

புதிதாகத் தொடங்குபவர்களிடம் அடிக்கடி பார்க்கும் ஒன்றை அவனிடமும் தேடுங்கள். இணையத்தில் கிடைத்த மிடி ஃபைலை (எந்தச் சுரம் எப்போது என்ற குறிப்பு மட்டும் உள்ள ஃபைல்) எடுத்து, வாத்தியங்களை மட்டும் மாற்றி வைப்பது. கேம் பாயில் மொத்தம் நாலே ஒலிச் சேனல்: இரண்டு பல்ஸ், ஒரு வேவ், ஒரு நாய்ஸ். மூன்று சுரத்தைச் சேர்த்து ஒலிக்கச் சேனல் போதாததால், அந்தக் கால இசையமைப்பாளர்கள் கார்டின் சுரங்களை ஒன்றன்பின் ஒன்றாக மின்னல் வேகத்தில் ஓடவிட்டார்கள். அங்கே அது சாமர்த்தியம். அதையே அப்படியே பியானோவில் போட்டால் தையல் மிஷின் சத்தம் வரும். அவனிடம், 'இந்தச் சுரங்களைச் சேர்த்து ஒரே கார்டாகப் பிடித்துப் பாரேன்' என்று சொல்லுங்கள். எல்லாச் சுரமும் ஒரே வெலாசிட்டியில், அதாவது ஒரே அழுத்தத்தில், இருந்தால் அதையும் காட்டுங்கள். 1999-இலிருந்து இயங்கும், விளையாட்டு இசை ரீமிக்ஸுகளை வெளியிடும் ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் தளத்தில், மூலம் அடையாளம் தெரிய வேண்டும், அதே சமயம் ரீமிக்ஸ் செய்தவரின் கைவண்ணமும் கணிசமாக இருக்க வேண்டும் என்று இரண்டையும் எதிர்பார்க்கிறார்கள். நடுவர்கள் ஏன் ஏற்றார்கள், ஏன் நிராகரித்தார்கள் என்று காரணத்தோடு எழுதுவது பொதுவில் படிக்கக் கிடைக்கும். இரண்டு பேரும் சேர்ந்து அதில் சிலவற்றைப் படியுங்கள். எப்படிக் கருத்துச் சொல்வது என்பதற்கு நல்ல பயிற்சி.

நம் குடும்பங்களில் ஒரு சிக்கல் உண்டு. ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு மேசையில் மாமா, அத்தை, பாட்டி எல்லோர் எதிரிலும் 'எப்படிடா இருந்தது?' என்று கேட்பான். அங்கே அந்தப் பியானோ இடத்தை மட்டும் சொல்லுங்கள்; அது உண்மையான பாராட்டுதானே. மற்றதைத் தனியாக, அவன் ஹெட்ஃபோனும் ஃபைலுமாக இருக்கும்போது, கிரியோலோ தமிழோ நீங்கள் இருவரும் வழக்கமாகப் பேசும் பேச்சிலேயே சொல்லுங்கள். அப்படிச் சொன்னதற்கும் முகம் வாடினால் வாடட்டும், ஓரிரு நாள் விடுங்கள்.

அவன் திருத்திய பதிப்பை அனுப்பும்போது புதுக் குறை தேடத் தொடங்காதீர்கள். முதலில் உங்கள் பழைய மூன்று குறிப்பையும் எடுத்து, அந்தந்த நொடிக்குப் போய்க் கேட்டு, எது சரியாகிவிட்டது, எது இன்னும் பாக்கி என்று எழுதுங்கள். அவன் உங்கள் சொல்லைக் கேட்காமல் வேறு வழியில் சரிசெய்திருந்தால், அந்த வழி உங்களுடையதைவிட நன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அதையும் அவனிடம் சொல்லிவிடுங்கள்.