கூடி வாசிக்கும் ஆசை: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: சிறுவயதில் பத்து ஆண்டுகள் கர்நாடக முறையில் வயலின் கற்றேன். வங்கிப் பணிக்கு வந்தபின் விட்டுப்போனதை இப்போது மீண்டும் தொடங்கியிருக்கிறேன். நரிமன் பாயிண்ட்டில் ஒரு சிம்ஃபனி நிகழ்ச்சியைக் கேட்டதிலிருந்து, அந்த வயலின் வரிசையில் நானும் அமர வேண்டும் என்ற ஆசை என்னை விடவில்லை. 46 வயதில் அது நடக்குமா?
– ஒரு வாசகர், செம்பூர்

பதில்: மும்பை நரிமன் பாயிண்ட்டில் உள்ள தேசிய நிகழ்த்துகலை மையமான என்.சி.பி.ஏ.வில் 2006-இல் தொடங்கப்பட்ட சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா ஆஃப் இந்தியா ஒரு தொழில்முறைக் குழு. அதில் இடம் கிடைக்கும் என்று சொல்லி உங்களுக்குப் பொய்யான நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் இந்த நகரத்தில் மேனாட்டு இசையின் வரலாறு அதற்கு வெகுமுன்பே தொடங்கிவிட்டது. 1935-இல் வயலின் கலைஞர் மெஹ்லி மேத்தா பம்பாய் சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ராவை அமைத்தார். வேறு வேலை பார்த்துக்கொண்டே மாலையில் வாசிக்க வருபவர்களுக்கும் இங்கே நெடுங்காலமாகக் குழுக்கள் இருந்திருக்கின்றன. நீங்கள் தேட வேண்டியது அத்தகைய குழுவைத்தான்.

அதற்குமுன் உங்கள் கை சிலவற்றைப் புதிதாகப் பழக வேண்டும். நாம் தரையில் அமர்ந்து, வயலினின் தலைப்பகுதியை வலது காலில் தாங்கி, பாடகரின் சுருதிக்கேற்ப நான்கு தந்திகளையும் ஸ-ப-ஸ-ப என்று கூட்டிக்கொள்கிறோம். சிம்ஃபனிக் கலைஞர்களோ நாற்காலியில் அமர்ந்து, தாடைக்கடியில் பிடித்து, ஓபோ என்னும் குழற்கருவி தரும் ஒரே சுரத்துக்கு அத்தனை பேரும் சேர்த்துக்கொள்கிறார்கள், அவர்களுடைய தந்திகளின் சுருதியும் எந்நாளும் மாறுவதில்லை. வில் மேலே போவதும் கீழே வருவதும்கூட வரிசை முழுவதற்கும் ஒன்றாகவே இருக்க வேண்டும். இவற்றையெல்லாம் பழகிவிடலாம். கமகத்தை அடக்குவதுதான் நம்மவர்களுக்கு உண்மையான தவம், ஏனெனில் நம் விரல் எந்தச் சுரத்தையும் அசைக்காமல் விட விரும்புவதில்லை.

மேனாட்டுச் சுரக்குறிப்பைப் படிக்க முத்துசுவாமி தீட்சிதரின் நோட்டுஸ்வர சாகித்யங்களிலிருந்து தொடங்குங்கள். ஐரோப்பிய மெட்டுகளுக்கு அவர் சொல் அமைத்த பாடல்கள் அவை; வயலினை நம் இசைக்குள் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவரான பாலுசுவாமி தீட்சிதர் அவருடைய தம்பி. காது ஏற்கெனவே அறிந்த மெட்டைக் கண் குறிப்பில் தேடும்போது படிப்பு விரைவாக வரும்.

இன்னொரு கனவையும் உங்கள் மனத்தில் விதைக்க விரும்புகிறேன். இரண்டு வயலின், அதைவிடச் சற்றுப் பெரிய வியோலா ஒன்று, இன்னும் பெரிய செல்லோ ஒன்று என்று நால்வர் மட்டும் வாசிக்கும் தந்தி நால்வர் குழுவே அமெச்சூர்கள் ஏங்கும் குழுக்களில் உயர்ந்தது என்பது என் உறுதியான எண்ணம். பெரிய ஆர்க்கெஸ்ட்ராவின் பின்வரிசையில் தவறிய ஒரு சுரம் மற்றவர்களின் ஒலியில் கரைந்துவிடும். நால்வர் குழுவில் ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவரே என்பதால், உங்கள் மூச்சைக்கூட மற்ற மூவரும் கேட்பார்கள். இசையமைப்பாளர் ஹைடன் மட்டுமே இவ்வகையில் 60-க்கும் மேற்பட்ட படைப்புகளை எழுதியிருக்கிறார். அக்குழுவில் இரண்டாம் வயலின் வாசிப்பவரின் இடத்தைக் கேட்டு வாங்குங்கள். பிறரைக் கேட்டுக்கொண்டே வாசிக்கும் பழக்கம் அங்கேதான் கைகூடும்.

கேள்வி: தியாகராஜ ஆராதனையன்று பஞ்சரத்தின கோஷ்டியில் பாட ஆசை. என் குரல் மெலிது என்பதால் தயங்கி நிற்கிறேன்.
– ஒரு வாசகி, டோம்பிவிலி

பதில்: கோஷ்டிக்கு இடைஞ்சல் செய்வது மெலிந்த குரல் அன்று, மற்றவர்களைக் கேளாமல் உரக்க ஒலிக்கும் குரலே. சுருதியின் உயரத்தைக் கட்டை என்று அளக்கிறோம்; பொதுவாக ஆண்கள் 1 கட்டையை ஒட்டியும் பெண்கள் 5 கட்டையை ஒட்டியும் பாடுபவர்கள் என்பதால், பொதுச் சுருதி எதுவானாலும் ஏதேனும் ஒரு தரப்புக்குச் சில இடங்கள் எட்டாது. அங்கே தொண்டையை வருத்தாமல் நிறுத்தி, அடுத்த சொல்லில் சேர்ந்துகொள்ளுங்கள்.

பஞ்சரத்தினம் எனப்படும் தியாகராஜரின் கீர்த்தனைகள் ஐந்தும் ஆதி தாளமே. பலருடைய காதுக்கு நன்கு பழகிய ஸ்ரீ ராகக் கீர்த்தனையிலிருந்து தொடங்கி, பிறகு நாட்டை, கௌளை, ஆரபி என்று செல்லுங்கள். எஞ்சிய வராளி ராகத்தைக் குரு நேரடியாகக் கற்பிக்கலாகாது என்ற பழைய நம்பிக்கையால் அந்தக் கீர்த்தனை வரும்போது கோஷ்டியின் ஒலி தாழ்ந்துவிடுவதைக் கேட்டிருப்பீர்கள். அதை மனப்பாடமாக அறிந்த ஒருவரை எந்தக் கோஷ்டியும் மகிழ்ந்து வரவேற்கும். அதுவரை மாதுங்காவின் பஜனைகளுக்குச் சென்று வாருங்கள். தோடய மங்களத்தில் தொடங்கும் சம்பிரதாய பஜனையில் ஒருவர் பாட மற்றவர்கள் திருப்பிப் பாடுவதால், பயம் தெளிய அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கேள்வி: வீணை, புல்லாங்குழல், வயலின், மிருதங்கம் என நண்பர்கள் நால்வர் சேர்ந்திருக்கிறோம். எங்கள் வாத்திய விருந்தம் ஏனோ ஒரே இரைச்சலாக ஒலிக்கிறது.
– ஒரு வாசகர், முலுண்ட்

பதில்: மிருதங்கம் தவிர மற்ற மூவரும் எல்லா வரியையும் சேர்ந்தே வாசிக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். யார் எந்த வரியில் மௌனமாக இருப்பது என்பதைத் தாளில் எழுதி வையுங்கள். மீட்டிய நாதம் தேய்ந்துகொண்டே போவது வீணையின் இயல்பு. அது தனித்துக் கேட்கும் இடங்களை முதலில் ஒதுக்கிவிட்டு மற்றவற்றைப் பங்கிடுங்கள். சுருதியையும் வீணையே தீர்மானிக்கட்டும்: தந்தியை அளவுக்கு மீறி முறுக்கினால் அறுந்துவிடும், புல்லாங்குழல் கலைஞரோ அந்தச் சுருதிக்குரிய வேறொரு குழலை எடுத்துக்கொள்ள முடியும்.