மெஷினைத் திருப்பிக் கொடுத்துடலாமுங்களா?

கேள்வி: அம்மாவுக்கு 56 வயசுங்க டாக்டர். எடை 108 கிலோ, உயரம் 152 செ.மீ. தறி ஓட்டறப்பவே கண்ணசந்துருவாங்க. போன மாசம் மூச்சுத் திணறி நெனவு தப்பிப் போய், ஈரோட்டுல ஐசியூவுல சேர்த்தோம். உடம்புப் பருமனால வந்த மூச்சுக் கோளாறுன்னாங்க. முகமூடி வழியாக் காத்தைத் தள்ளற பைபேப் மெஷின் வெச்சு அஞ்சு நாள்ல எந்திரிச்சு உக்காந்துட்டாங்க. ஊட்டுலயும் தூங்கறப்ப வெக்கச் சொல்லி, வாடகைக்கு எடுத்திருக்கறோம். ‘பழகிட்டா விட முடியாது, ஆக்சிஜன் மட்டும் வெச்சாப் போதும்’னு சொந்தக்காரங்க சொல்றாங்க. திருப்பிக் கொடுத்துடலாமுங்களா?
(பள்ளிபாளையம் வாசகர்)

பதில்: கொடுத்துவிடாதீர்கள். அம்மா ஐந்தே நாளில் எழுந்து உட்கார்ந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை. இந்தக் கோளாறு உள்ளவர்கள் பைபேப் வைத்தால் பெரும்பாலும் நன்றாகத் தேறிவிடுவார்கள். சறுக்குவது வீட்டுக்குப் போன பிறகுதான். அமெரிக்காவில் 2004-இல் வெளியான ஓர் ஆய்வில், இந்தக் கோளாறுடன் மருத்துவமனையில் சேர்ந்தவர்களில் 23 சதவீதம் பேர் 18 மாதங்களுக்குள் இறந்திருந்தார்கள். பருமன் இருந்தும் இந்தக் கோளாறு இல்லாதவர்களில் அது 9 சதவீதம். கோளாறு இருந்தவர்களில் மிகச் சிலருக்கே அதற்கான சிகிச்சை தொடங்கப்பட்டிருந்தது.

நூல் மூட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்துப் பாருங்கள். அம்மாவுக்கு ஒவ்வோர் இரவும் அப்படித்தான். போதாததற்குத் தொண்டையும் அடைத்துக்கொள்ளும். (‘குறட்டை விட்டு அசந்து தூங்குறாங்க’ என்று நாமும் விட்டுவிடுகிறோம்.) வெளியேற வேண்டிய கார்பன் டை ஆக்சைடு ரத்தத்தில் தேங்கி, பகலிலேயே அதன் அளவு இயல்பான உச்ச எல்லையான 45-ஐ (மி.மீ. பாதரசம்) தாண்டுகிறது. காலைத் தலைவலியும் தறி முன்னால் கண்ணசருவதும் அதனால்தான். மெஷின் மூச்சை ஆழமாக்கி, அந்தக் காற்று வெளியேற உதவுகிறது. ஆக்சிஜன் சிலிண்டரால் அது முடியாது. ஆக்சிஜனை மட்டும் ஏற்றினால் விரலில் மாட்டும் மீட்டர் 98 காட்டலாம், ஆனால் உள்ளே கார்பன் டை ஆக்சைடு கூடி மறுபடி மயக்கத்தில் கொண்டுபோய் விடலாம்.

மூன்று மாதத்துக்குள் தூக்கப் பரிசோதனை செய்துவிடுங்கள். அதுவரை மெஷின் நிற்கக் கூடாது என்றே 2019-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதலும் சொல்கிறது. பரிசோதனைக்குப் பிறகு சிலருக்கு ஒரே அழுத்தத்தில் காற்றைத் தரும், விலை குறைந்த சிபேப் மெஷினே போதுமானதாக இருக்கும்.

மெஷினை விடவே முடியாதா என்றால், முடியலாம். அதற்கு எடையில் 25 முதல் 30 சதவீதம், அதாவது அம்மாவுக்கு 27 கிலோவுக்கு மேல் குறைய வேண்டும். சோற்றைக் குறைத்து, நடந்து மட்டும் அவ்வளவு இறங்குவது கடினம். எடைக் குறைப்பு அறுவை சிகிச்சை பற்றி உங்கள் மருத்துவரிடம் பேசுங்கள்.

தூக்கம் வரவில்லை என்று மருந்துக்கடையில் கேட்டு மாத்திரை வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள். அது மூச்சை இன்னும் மந்தமாக்கும். எழுப்பினாலும் கண் திறக்காமல் உளறினால், விடியட்டும் என்று காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள். வண்டி வரும்வரை மெஷின் முகத்திலேயே இருக்கட்டும். வாந்தி எடுத்தால் மட்டும் உடனே கழற்றிவிடுங்கள்.